கல்லின் மௌனமும் உயிரின் வேகமும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவில் ஊரின் கரைமணலுக்கடியில் கிடப்பவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய அதிபுராதனப் பாறைகளாதலின், அவற்றில் எலும்புச் சுவடு தேடுதல் வீண். இரத்தினபுரியின் இரத்தினக்கல் குழிகளிலோ நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் அகப்பட, தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார்.

உலகெங்கும் இத்தகைய எச்சங்களிடையே, ஓரினம் இன்னோரினமாக மாறுவதைக் காட்டும் இடைநிலை வடிவங்கள் அரிதாயிருப்பதற்குப் புதைபடிவப் பதிவின் குறைபாடே காரணமென்று 1859இல் டார்வின் கூற, இனங்கள் நெடுங்காலம் மாறாதிருந்து பின் விரைந்து கிளைப்பதே காரணமென்று 1972இல் தொல்லுயிரியலாளர்களான எல்ட்ரெட்ஜும் கூல்டும் வாதித்தனர். அவ்விரைவும் பல்லாயிரம் ஆண்டுகளை உட்கொண்டதென்பதை மறந்து, பரிணாமமே பொய்யென்பார் கூற்றை நான் ஏற்கேன்.

மாறாமையும் ஒரு சாட்சியமே. அதனை நம் நாட்டில் வாசிக்க வேண்டுமாயின், குழி தோண்டுவோர் கையில் அகப்படும் பல்லும் எலும்பும், எந்த மண்படையில் எவ்வளவு ஆழத்திற் கிடந்தன என்ற குறிப்போடு அருங்காட்சியகத்தைச் சேர அரசாங்கம் தாமதமின்றி வழிசெய்தல் அவசியம்.