பனிக்காலத்தில் எஞ்சின் எண்ணெயிற் சேரும் ஜலம்

ஐப்பசி முதல் தை வரையில், வத்திராயிருப்புத் தாலுகாவில் டிராக்டரோ மோட்டார் காரோ வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் சிலர், எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் திடுக்கிடுவதுண்டு. மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற வெளுத்த பசை ஒட்டியிருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டதென்று யாரேனும் சொல்ல, உடனே எஞ்சினைப் பிரித்துப் பணத்தை விரயம் செய்வோரும் உளர். பல சமயங்களில் இச்செலவு அநாவசியம் என்பதே எமது அபிப்பிராயம்.

இந்த ஜலம் மழையாலும் பனியாலும் மாத்திரம் வருவதன்று; பெரும்பங்கு எரிபொருளிலேயே பிறக்கிறது. டீசலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிகையில் நீராவியாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் உண்டாகும். அதில் மிகுதியும் புகைக்குழாய் வழியே போய்விட, சிறிதளவு பிஸ்டன் வளையங்களின் இடுக்கால் கீழிறங்கி எண்ணெய்த் தொட்டியை அடைகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது மறுபடி ஆவியாகி வெளியேறும். சூடேறாவிடில், இட்டிலிக் கொப்பரை மூடியில் நீர் கோத்துக்கொள்வது போலக் குளிர்ந்த இரும்பில் துளித்து, எண்ணெயோடு கலந்து பசையாகிறது.

நமது ஊர் மலையடிவாரமாயினும் ஜலம் உறையும் குளிர் இங்கில்லை. ஆகவே பழியைப் பனியின்மேல் மாத்திரம் போடுதல் நியாயமாகாது. தொழி உழவு முடிந்து டிராக்டர் கொட்டகையில் நிற்கும் நாட்களில், பாட்டரி இறங்காதிருக்கும் பொருட்டுத் தினம் காலையில் ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்துகிறார்களே, அதுவே பெருங்கேடு. ஒவ்வொரு தடவையும் ஜலம் சேருகிறதேயன்றி வெளியேறுவதில்லை. அவ்வாறு ஓட்டுவதினும் ஓட்டாதிருத்தல் நலம். பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைத்தால் அது பெரும்பாலும் தாங்கும். கூமாப்பட்டி வரை போய்த் திரும்பும் காருக்கு வரும் பசை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடிக்கடி சென்றுவரும் காருக்கு அவ்வளவாக வாராமைக்கும் காரணம் இதுவே.

ஓட்டுவதாயின் பாரத்தோடு அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஓட்டுக. சும்மா நிறுத்திவைத்து உறுமவிட்டால் டீசல் எஞ்சின் எளிதிற் சூடேறாது. முன்னாலுள்ள முள் காட்டுவது ரேடியேட்டர் ஜலத்தின் உஷ்ணமே. எண்ணெய் அதற்குப் பின்னரே காயும்.

மெய்யான கேஸ்கட் பழுதை அறிவதும் கடினமன்று. ரேடியேட்டரில் ஜலம் குறைந்துகொண்டே வருதல், அளவுக்கம்பியில் எண்ணெய் மட்டம் உயர்தல், கம்பியிலுள்ள எண்ணெயே பால்போல் வெளுத்தல், எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நில்லாமை ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் வண்டியை ஓட்டாது மெக்கானிக்கை அழைக்க. இவையின்றி மூடியில் மட்டும் பசையிருப்பின், துடைத்துவிட்டு நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தல் போதும். சேற்றில் அமிழ்ந்த டிராக்டரின் கியர் எண்ணெய் வெளுப்பது வேறு விஷயம். அங்கே ஆராயவேண்டியது சீல்களை.

வாடகைக்கு விடும் பொது டிராக்டர்களைப் பொறுப்பிற் கொண்ட உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடிய மணிக்கணக்கு நிறையவில்லையென்று எண்ணெயை வருஷக்கணக்கில் மாற்றாது விடலாகாது. ஜலம் கலந்த பழைய எண்ணெயில் அமிலம் விளைந்து பேரிங்குகளை அரிக்கும். ஆதலின் எண்ணெயை மாற்றவேண்டிய வேளை, அறுவடைக்கு வண்டியை எடுக்கும்போதன்று. உழவு முடிந்து கொட்டகையில் விடுவதற்கு முன்னரே. டீசல் தொட்டியையும் அன்றே நிறைத்துவிடுக. வெற்றிடமிருந்தால் இரவுப் பனியில் அதன் உட்சுவரிலும் நீர் கோக்கும்.