'பார்மட்' என்னும் ஒரே மருந்து!



கடந்த மாதம் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறை ஒருநாள் துக்க வீடுபோல் இருந்தது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் வீட்டுக் கணினி திடீரென்று தொடங்க மறுத்துவிட்டது. அதைக் கடைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். மறுநாள் மாலை புத்தம் புதியதுபோல் திரும்பி வந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை! ஆறாண்டுகளாகச் சேர்த்த கருத்துணர் பயிற்சிகள், கட்டுரை மாதிரிகள், தம் மகள் முதன்முதலாகப் பள்ளிச் சீருடை அணிந்த நாளில் எடுத்த படங்கள் எல்லாம் போய்விட்டன. அதற்குக் கூலி 80 வெள்ளி.

அந்த இழப்பைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அறையில் இருந்த ஒருவர்கூட "ஏன் அழித்தார்கள்?" என்று கேட்கவில்லை. "கணினி என்றால் அப்படித்தான் டீச்சர், விடுங்கள்" என்று ஆறுதல் கூறினார்கள். ஒரு மாணவன் விடையைத் தவறாக எழுதினால் 'எப்படி வந்தது இந்த விடை?' என்று துருவித் துருவிக் கேட்கும் நாம், இங்கே மட்டும் ஏன் வாய்பொத்தி நிற்கிறோம்?

பூட்டுத் திறக்கவில்லை என்று ஆள் அழைக்கிறோம். வந்தவர் வீட்டையே இடித்துவிட்டு, அதே இடத்தில் வெற்று வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்து, "இப்போது கதவு நன்றாகத் திறக்கிறது பாருங்கள்" என்கிறார். நாமும் நன்றி சொல்லிப் பணம் கொடுக்கிறோம். கணினிக் கடைகளில் நாள்தோறும் நடப்பது இதுதான்.

இந்தக் கசப்பு எனக்குப் புதிதன்று. 2009-இல் என் வீட்டுக் கணினி நின்றுபோனபோது, "சார், ஹார்டிஸ்க் கேஸ். பார்மட் பண்ணாதான் சரி வரும்" என்றார் கடை இளைஞர். என் கோப்புகளை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டேன் சார்" என்றுதான் திருப்பிக் கொடுத்தார். வீட்டிற்கு வந்து திறந்து பார்த்தால், பயிற்சித் தாள்கள் அனைத்தும் புரியாத குறிகளாகத் தெரிந்தன. காரணம் எளியது. பயிற்சிக் கல்லூரிக் காலம் முதல் நான் திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்தவன். கோப்புகளை எடுத்தவர் எழுத்துருக்களை எடுக்கவில்லை. அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவி, ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றுவதற்குள் ஆண்டிறுதி விடுமுறை முழுவதும் கரைந்தது.

அதையாவது மீட்டேன். 2005-இல் ஓர் இடுபணிக்காக என் பாட்டியின் தாலாட்டுகளை ஒலிப்பதிவு செய்திருந்தேன். இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அவருடையது. ஏட்டில் எங்கும் இல்லாத பாடல்கள் அவர் நாவில் இருந்தன. பாட்டி 2007-இல் மறைந்தார். அந்தக் கோப்புகளை நான் முகப்புத் திரையில் வைத்திருந்தேன். கடைக்காரர் படியெடுத்ததோ ஆவணங்களுக்கான கோப்புறையை மட்டும். பாட்டியின் குரல் அன்றோடு போயிற்று.

காப்புப்படி எடுக்காதது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால், அந்தக் கணினிக்கு உண்மையில் என்ன நோய் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அழித்த பிறகு எவராலும் சொல்லவும் முடியாது. அதுதான் 'பார்மட்' செய்வதில் உள்ள வசதி!

சென்ற ஆண்டு மீண்டும் அதே காட்சி. 2016-இல் வாங்கிய மேசைக் கணினி, கருந்திரை, 'தொடங்கத் தக்க கருவி எதுவும் இல்லை' என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி. பழைய நினைவில் கை நடுங்கியது உண்மை. இம்முறை கடைக்குப் போகவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாள் 2016 சனவரி முதல் நாள் என்று காட்டியது. நோய் இன்னதென்று கணினியே சொல்லிவிட்டது, படிக்கத்தான் ஆளில்லை!

தாய்ப்பலகையில் 20 காசு போன்ற வட்ட மின்கலம் ஒன்று இருக்கும். சிஆர்2032 என்பது பெரும்பாலும் அதன் எண், 3 வோல்ட். மின்சாரம் நிறுத்தப்பட்ட நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது அது. பல கணினிகளில் அடிப்படை அமைப்புகளும் அதை நம்பியே நிற்கின்றன. அது தீர்ந்தால், எந்தத் தட்டிலிருந்து, எந்த முறையில் தொடங்க வேண்டும் என்பதைக் கணினி மறந்து, ஆலையில் வைத்த அமைப்பிற்கே திரும்பிவிடும். என் இயங்குதளம் பழைய முறையில் நிறுவப்பட்டது. கணினியோ அதைப் புதிய முறையில் தேடிக்கொண்டிருந்தது. வன்தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. மளிகைக் கடையில் சில வெள்ளிக்கு மின்கலம் வாங்கி மாற்றினேன், நாளைத் திருத்தினேன், தொடங்கும் முறையை மாற்றினேன். கணினி எழுந்துகொண்டது.

'மறையும் குறையும் உமக்குத் தெரியும், எமக்குத் தெரியாதே' என்பீர்கள். எனக்கும் தெரியாதுதான். நான் மொழி ஆசிரியன். ஆனால், கணினி தொடங்குவது மந்திரமன்று. படிப்படியான ஒரு வரிசை. முதலில் மின்சாரம் வரவேண்டும். விளக்கும் எரியாமல், விசிறியும் சுழலாமல் இருந்தால் வன்தட்டின்மீது பழி போடுவதே அபத்தம். மின்கம்பியையும் செருகியையும் பாருங்கள். மாலை மழையில் இடி இறங்கும் நம் நாட்டில், மின்வழங்கிப் பெட்டி பழுதாவது அரிதன்று. (அந்தப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.) விசிறி சுழன்றும் திரை இருளாக இருந்து, 'பீப்' ஒலி விட்டு விட்டுக் கேட்டால், அது பெரும்பாலும் நினைவகம் எழுப்பும் அழுகை, மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு, நினைவகத்தைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகினாலே தீர்ந்துபோவதுண்டு. விரலியைச் செருகியபடி விட்டுவிட்டு, கணினி அதிலிருந்து தொடங்கப் பார்த்துத் திணறிய கதையும் எங்கள் பள்ளியில் உண்டு. அதற்கும் ஒருவர் கடைக்குப் புறப்பட்டார்!

இவையெல்லாம் சரியாக இருந்து விண்டோஸ் மட்டும் பாதியில் நின்றால்? அப்போதும் அழிக்கத் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால் தாமாகவே பழுதுநீக்கப் பக்கத்தைக் காட்டும். அங்கே பாதுகாப்பு முறை உண்டு, தொடக்கப் பழுதுநீக்கம் உண்டு. 2024 சூலை 19-ஆம் நாளை மறந்துவிட்டீர்களா? கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாப்ட்டின் கணக்குப்படி, உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் படுத்தன. வானூர்தி நிலையங்களில் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்பு முறையில் நுழைந்து பழுதான ஒரு கோப்பை நீக்குவதே அன்று சொல்லப்பட்ட மருந்து. 85 இலட்சம் கணினிகளையும் 'பார்மட்' செய்யுங்கள் என்று எவரும் சொல்லவில்லை.

விண்டோஸே எழவில்லையா? உபுண்டு போன்ற லினக்சு இயங்குதளத்தை வேறொரு கணினியில் விரலியில் ஏற்றி, அதிலிருந்து நோயாளிக் கணினியைத் தொடங்கலாம். நிறுவாமலே இயங்கும். வன்தட்டு உயிரோடு இருந்தால், உங்கள் கோப்புறைகள் கண்முன் விரியும், படியெடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் இன்றே செய்து வையுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லையேல் லினக்சும் உதவாது, கடைக்காரரும் உதவமாட்டார்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கூலி கிடைப்பது கணினியை ஓட வைப்பதற்கு. உள்ளே இருக்கும் தாலாட்டைக் காப்பதற்கு அன்று. ஒரு மணி நேரம் காரணம் தேடுவதைவிட அழித்து நிறுவுவது அவர்களுக்கு எளிது. கேட்காத வாடிக்கையாளருக்கு எளிய வழிதான் கிடைக்கும். வன்தட்டு 'டக் டக்' என்று தட்டும் ஒலி எழுப்பினால், உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பதில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அறிவு; அங்கே நம் கைவேலை வேண்டாம். 'பழைய கணினி, விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, புதிது வாங்குங்கள்' என்று யாரேனும் சொன்னால் மட்டும் சற்று நில்லுங்கள். 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது உண்மை. பாதுகாப்பு கருதி மாற்றத்தான் வேண்டும். ஆனால், ஆதரவு நின்றதனால் எந்தக் கணினியும் தொடங்காமல் போகாது.

என் சினமெல்லாம் நம்மீதுதான். மாணவன் 'ஹார்டிஸ்க்' என்று எழுதினால் சிவப்பு மையால் வட்டமிட்டு 'வன்தட்டு' என்று திருத்துகிறோம். நம்மில் எத்தனை பேர் ஒரு வன்தட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்? சொல்லை மட்டும் தமிழாக்கிவிட்டுப் பொருளை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டால், அந்தச் சொல் அகராதியில் கிடந்து துருப்பிடிக்காதா?

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு முறையீடு. இல்லிருப்புக் கற்றல் நடந்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில் 'சார், கம்ப்யூட்டர் ஆன் ஆகல' என்று எனக்கு வந்த அழைப்புகள் ஏராளம். 'திரையில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் பெரியவர்கள் தடுமாறினார்கள். பின்னாலிருந்து பிள்ளைதான் எழுத்துக்கூட்டிப் படித்தது. அந்தப் பிள்ளை மூடியைத் திறக்கப் போனால் 'கையை வைக்காதே!' என்று அதட்டுகிறோம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து, திறக்கவிடுங்கள்.

எங்கள் பள்ளிக் கிடங்கில் கழித்துப்போட்ட கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெற்றுவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஆறாம் ஆண்டு மாணவர்களோடு அதைப் பிரித்து, மின்கலம் எது, நினைவகம் எது, வன்தட்டு எது என்று தொட்டுப் பார்க்கப்போகிறோம். வீட்டுக் கணினியை இழந்த அந்த ஆசிரியையும் வருகிறார். பெற்றோர்களும் வரலாம். என்னிடம் திருப்புளி இரண்டுதான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.