நல்ல மனம் மட்டும் போதாது

அமெரிக்க யூத சமூக அமைப்புகளில் பணியாற்ற விரும்புவோருக்கு முதுகலை உதவித்தொகை தருவது வீண்; அந்தப் பணம் நேரே ஏழைகளுக்குப் போகட்டும், சேவைக்கு நல்ல மனம் போதும் என்கிறார்கள் சிலர். வரலாறு இந்த வாதத்துக்கு எதிராக நிற்கிறது. நியூயார்க்கில் யூத சமூகப் பணிக்கென்றே 1925இல் தொடங்கிய மேற்படிப்புப் பள்ளி 1940இல் மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், அதே சமூகம் புதிதாக ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. 1968இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹீப்ரூ யூனியன் கல்லூரியும் மறு ஆண்டே பிராண்டைஸ் பல்கலைக்கழகமும் இதற்கெனத் தனிப் படிப்புகளை ஏற்படுத்தின. தேவை இல்லாமலா மீண்டும் மீண்டும் தொடங்கினார்கள்?

இன்றைய தேவைக்குச் சான்றாக, நாஜிப் படுகொலையில் உயிர்தப்பிய ஏழை முதியவர்களை எண்ணிப் பாருங்கள். ஜெர்மன் அரசிடம் பேசிப் பெறும் இழப்பீட்டு நிதியில் ஒரு பகுதி, அவர்களுடைய வீட்டுப் பராமரிப்புக்காக உள்ளூர் யூதக் குடும்பநல அமைப்புகளுக்கு வருகிறது. ஒவ்வொருவரின் உடல்நிலையையும் மதிப்பிட, விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்ப, முதுமையில் திரும்பும் பழைய அச்சங்களைப் புரிந்து நடக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அவர் இல்லையென்றால் ஏழைக்கென ஒதுக்கிய பணமே ஏழையைச் சென்றடையாது. படித்தவர்கள் அதிகச் சம்பளம் தேடிப் போய்விடுவார்களே என்பது நியாயமான கவலைதான். அதற்கு விடை, உதவித்தொகையோடு சில ஆண்டுப் பணி நிபந்தனையைச் சேர்ப்பது. உண்மையில், கல்விக் கடனோடு வெளியே வருபவர்தான் சம்பளத்தைத் துரத்தியாக வேண்டும். தொண்டர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களை வழிநடத்தவும் தேர்ந்தவர் வேண்டும். உதவித்தொகையை வெட்டச் சொல்பவர்கள், அந்த விண்ணப்பங்களை யார் நிரப்புவது என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.