நடுக்குவாத நோயாளரும் நடைப் பயிற்சியும்

பெங்களூரிலிருந்து தெற்கே செல்லும் ஒசூர் சாலையில், நகரத்தினுள்ளேயே, நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் அமைந்துள்ளது. அதே சாலையில் வெகு தூரம் சென்றால் தொழிற்சாலைகள் மிகுந்த ஹெப்பகோடியை அடையலாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் இவ்வூரை எட்டிவிட்டது. ஆயினும் நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், கண்ட முதியவருக்கு அரிதாவது ரயில் பயணமன்று. தம் வீட்டு வாயிற்படியைக் கடப்பதே. ஆகவே அவருக்குரிய பயிற்சியைப் பெரிய மருத்துவமனையோடு நிறுத்திவிடலாகாது. அது வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் நிகழ்தல் வேண்டும்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்த இந்நோயில், நடுமூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் படிப்படியாக அழிகின்றன. அக்குறையை ஈடுசெய்யும் லெவோடோபா மருந்து உடல் இறுக்கத்தையும் மந்தத்தையும் நன்கு தணிக்கிறது. (பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைத் தாமோதரன், ராமசாமி என்னும் இந்திய விஞ்ஞானிகள் 1937-இலேயே பிரித்தெடுத்தனர், அதற்காக விதையை மனம்போனபடி உண்பது தகாது.) ஆனால் நோய் முற்றுகையில் தோன்றும் தடுமாற்றத்திற்கு மருந்து அவ்வளவாக உதவுவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை. “வயதாயிற்று, அசையாமல் அமர்ந்திருங்கள்” என்று வீட்டார் அன்புடன் கூறும் சொல்லே இங்குப் பெருந்தீங்காகிறது. அசையாத கால்கள் மேலும் வலுவிழக்கின்றன.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 195 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம் 24 வாரங்கள் தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சியைச் செய்தோர், தசை வலுப் பயிற்சியோ நீட்டல் பயிற்சியோ செய்தோரினும் சமநிலையில் முன்னேறினர். நீட்டல் பயிற்சியாளரைவிடக் குறைவாகவே விழுந்தனர். தாய்ச்சி ஆசிரியரை ஹெப்பகோடியில் தேடி அலைய வேண்டுவதில்லை. சுவரருகே நின்று, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றப் பழகுதல் எவருக்கும் இயல்வதே.

சிலருக்கு நடக்கும்போதே பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அப்போது கையைப் பற்றி இழுத்தால் அவர் விழுவார். தரையில் ஓரடி வைக்கும் தூரத்திற்கு ஒன்றாகச் சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடுகள் வரைந்து, ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னால் பெரும்பாலும் கால் எழும். தாளமிட்டு எண்ணுவதும் பயன்தரும். தானே நிகழும் நடை தவறும்போது, கண்ணும் செவியும் காட்டும் குறி அதற்குத் துணையாகிறது. பள்ளி ஆசிரியரிடம் சுண்ணக்கட்டிக்குக் குறைவில்லை!

பயிற்சிக்கு முன் மருத்துவரோ பிஸியோதெரபி நிபுணரோ ஒருமுறை பார்த்தல் அவசியம். மாத்திரை நன்கு வேலைசெய்யும் வேளையில், அருகில் ஒருவர் இருக்க, பயிற்சி செய்யவேண்டும். நின்ற இடத்திலேயே சுழலாமல் அகன்று வளைந்து திரும்புதல் நலம். எழுந்ததும் தலைசுற்றுவோர் கட்டில் விளிம்பில் சற்று அமர்ந்து பின் நிற்கவேண்டும்.

இரத்த அழுத்தம் பார்க்க வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர், “சென்ற மாதம் எங்கேனும் விழுந்தீர்களா?” என்னும் வினாவையும் தம் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.