புதுசா வர்றவங்க விருந்தாளிங்க, வலையில விழுந்த மீன் இல்லை

மாற்றல் ஆர்டர் வாங்கிட்டு சித்தூர், திருப்பதி பக்கம் வந்து இறங்குற தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் மாசத்துலயே ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, பால்காரர்கிட்ட தெலுங்கு பேசக் கத்துக்குவோம். ரெண்டாவது, பக்கத்து வீட்டு சிஸ்டரோ ஆபீஸ்ல ஒரு பிரதரோ "ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு ஒரு தடவை வாங்க, தமிழ்லயும் பிரசங்கம் உண்டு"ன்னு கூப்பிடுவாங்க.

உடனே நம்ம ஆளுங்க ரெண்டு கட்சி. "ஐயோ, போயிடாதீங்க, மதம் மாத்திடுவாங்க"ங்கறது ஒரு கட்சி. "வந்து பாருங்க, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும்"ங்கறது இன்னொரு கட்சி. உள்ளே என்னதான் நடக்கும்னு ரெண்டு பேருமே சொல்ல மாட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல இந்தப் பக்கமே குப்பை கொட்டுறவன், கூப்பிட்ட மரியாதைக்கு நாலஞ்சு சபைகள்ல உட்கார்ந்து எழுந்தவன்ங்கற முறையில நான் சொல்றேன்.

செருப்பை வாசல்ல விடணும். பல இடத்துல தரையில பாய், ஜமக்காளம்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் தலையில முந்தானை போட்டிருப்பாங்க. பாஸ்டரை 'ஐயகாரு'ன்னும் அவர் மனைவியை 'அம்மகாரு'ன்னும் கூப்பிடுவாங்க. மூணு மணி நேரம் சாதாரணம். தெலுங்குப் பிரசங்கத்தை ஒருத்தர் வரிக்கு வரி தமிழ்ல சொன்னா நேரம் இரட்டிப்பு! குழந்தை இருந்தா தண்ணி, பிஸ்கட் எடுத்துக்கிட்டு வாசல் பக்கம் உட்காருங்க.

முதல்ல பாட்டு. கீபோர்டு, டிரம்ஸ், கைத்தட்டல். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல சத்தம் போட்டு ஜெபிப்பாங்க. சிலர் அழுவாங்க, சிலர் யாருக்கும் புரியாத 'அந்நிய பாஷை' பேசுவாங்க. பயப்பட ஒண்ணுமில்லை, உங்களை யாரும் பேசச் சொல்லப் போறதில்லை. அப்புறம் சாட்சி, பிரசங்கம், காணிக்கைப் பை. பையில போட்டாத்தான் ஆச்சுன்னு கிடையாது. சில வாரங்கள்ல ரொட்டியும் திராட்சை ரசமும் கொடுப்பாங்க. நம்ம பழக்கத்துல பிரசாதம்னு ரெண்டு கையையும் நீட்டிடாதீங்க. அது ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கானது. சும்மா உட்கார்ந்திருந்தா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இவ்வளவுதாங்க. இதைச் சொல்ல எதுக்கு இத்தனை மர்மம்?

முதல் கட்சிக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் அமெரிக்கா சரக்கு"ன்னு ஒரு ரெடிமேட் வசனம் வெச்சிருக்கீங்களே, கொஞ்சம் கணக்குப் பாருங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல அசூசா தெருவுல, அடிமைகளா இருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் கூட்டம் நடத்தினது 1906-ல. அதுக்கு முந்தின வருஷமே, 1905-ல, புனே பக்கம் பண்டித ரமாபாயோட முக்தி மிஷன்ல இந்த மாதிரி எழுப்புதல் வந்துடுச்சு. அதுக்கும் முன்னால 1860-ல, நம்ம திருநெல்வேலிச் சீமையில அருளப்பன்ங்கற தமிழ் ஊழியர் நாளிலேயே அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் பதிவாகியிருக்கு. ஆந்திராவும் இதுக்குப் புதுசு இல்லை. இந்திய பெந்தெகொஸ்தே சபை 1935-ல பதிவானதே ஏலூர்ல. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க, வரலாற்றைத் திரிக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். புது ஊர்ல காய்ச்சல்ல படுத்தா எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. நம்ம தமிழ் அமைப்புகள் பொங்கலுக்கு ஒரு தடவை கரும்போட போட்டோ எடுத்துக்கும். இந்தச் சபைக்காரங்க ஒரு வாரம் காணோம்னா வீடு தேடி வந்து ரசம் சாதம் கொடுத்துட்டுப் போவாங்க. அந்த இடத்தைக் காலியா விட்டது நாமதான். விட்டுட்டு, அங்க போறவங்களைப் 'பைத்தியக் கூட்டம்'னு சிரிக்கறதுல என்ன நியாயம்?

சரி, இப்போ ரெண்டாவது கட்சி. உங்ககிட்டதான் எனக்குப் பெரிய சண்டை.

வங்கியில கடன் கேட்டு வர்றவர் கையில முக்கிய விவரத் தாள் ஒண்ணு கொடுக்கணும். வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கணும். 2024 அக்டோபர்ல இருந்து சில்லறைக் கடன், சிறு தொழில் கடன் எல்லாத்துக்கும் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கிடுச்சு. ஏன்? உள்ளே என்ன இருக்குன்னு சொல்லாம தலையில கட்டறதுக்கு எங்க தொழில்ல 'மிஸ் செல்லிங்'னு பேரு. காசுக்கே இந்த விதின்னா, மனுஷனோட மனசுக்கும் உடம்புக்கும் எதுவும் வேண்டாமா?

முதல் தப்பு: புதுசா வந்தவங்களை எழுப்பி நிக்க வெச்சு, பேர், ஊர், பிரச்சினை எல்லாம் மைக்ல கேக்கறது. புருஷன் குடிக்கிறார்னு ஒரு பொண்ணு இருநூறு பேர் முன்னால சொல்லணுமா? கேக்காமலே தலையில கை வெச்சு ஜெபிக்கறதும் இதே கதைதான். "வைக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா ஆவியானவர் கோபிச்சுக்குவாரா?

ரெண்டாவது தப்பு: மருந்து. 1920-கள்ல கொழும்புல தொடங்கி இன்னைக்கு சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமா வெச்சிருக்கற தி பெந்தெகொஸ்து மிஷன்ல, ஊழியர்கள் மருந்து எடுத்துக்கறதில்லைங்கறது வெளிப்படையான கொள்கை. அது அவங்களா எடுத்த முடிவு, தெரிஞ்சே எடுத்த முடிவு. எனக்கு அதுல வழக்கு இல்லை. என் வழக்கு வேற. எங்க தெருவுல ஒரு தமிழம்மா. வேற ஒரு சின்ன சபையில, பாஸ்டர்கூட இல்லை, ஆர்வக்கோளாறு பிரதர் ஒருத்தர் "மாத்திரை முழுங்கறது அவிசுவாசம்"னு சொன்னதைக் கேட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்தினாங்க. மூணாவது வாரம் ராத்திரி ஆம்புலன்ஸ். பிழைச்சுட்டாங்க, ஆனா இடது கை இன்னும் சரியா வரலை. அந்த பிரதர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவே இல்லை. சித்தூர்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல வேலூர். அங்க 1900-ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சு சி.எம்.சி.யை வளர்த்த ஐடா ஸ்கடர் ஜெபிக்காதவரா? ஜெபமும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியும்னு இந்த வட்டாரத்துக்கே தெரியும்.

மூணாவது தப்பு: பணம். சம்பளத்துல பத்துல ஒரு பங்கு தசமபாகம்ங்கறது அவங்க நம்பிக்கை, கொடுக்கறவங்க கொடுக்கட்டும். ஆனா முதல் தடவை வந்தவர்கிட்ட "கொடுத்தா கடன் தீரும்"னு சொல்றது கொடுமை. கடன்ல முழுகினவங்களை தினமும் கவுன்ட்டர்ல பாக்கறவன் சொல்றேன், காணிக்கையால வாராக்கடன் வசூலானதை நான் பார்த்ததில்லை :-) தனி ஆளோட போன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க. சபைக் கணக்கு, ரசீது ரெண்டும் கேளுங்க.

நாலாவது, ரொம்ப முக்கியம்: சர்ட்டிபிகேட். சபையில போய் உட்கார்றதால யாரும் மதம் மாறிட மாட்டாங்க. ஞானஸ்நானம் எடுத்து வாழ்க்கையை மாத்திக்கிட்டா கதை வேற. 1950-ம் வருஷ ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்குத்தான். 1956-ல சீக்கியர்களும் 1990-ல பௌத்தர்களும் சேர்ந்தாங்க, கிறிஸ்தவங்க சேரலை. 2025-ல ஆந்திர உயர் நீதிமன்றம், பாஸ்டரா ஊழியம் செஞ்ச ஒருத்தர் வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பைக் கேட்க முடியாதுன்னே சொல்லிடுச்சு. அந்தச் சட்டம் நியாயமாங்கறது தனி வழக்கு. எனக்கு அது அநியாயமாத்தான் படுது, மதம் மாறினதும் ஊர் சாதியை மறந்துடுதா என்ன? ஆனா பொண்ணோட காலேஜ் சீட்டும் பையனோட வேலையும் இதுல தொங்குதுன்னு, தண்ணியில இறக்கறதுக்கு முன்னால அந்தக் குடும்பத்துக்குச் சொல்லணுமா வேண்டாமா?

"ஆவியானவர் நடத்துற இடத்துல நோட்டீஸ் ஒட்டச் சொல்றீங்களே"ன்னு ஒரு பிரதர் என்கிட்ட கேட்டார். ஐயா, கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம் 14-ம் அதிகாரத்தை எடுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல அந்நிய பாஷை பேசும்போது வெளியாள் உள்ளே வந்தா உங்களைப் பைத்தியம்னு நினைக்க மாட்டாரான்னு பவுலே கேக்கறார். ரெண்டு மூணு பேர் மட்டும் முறையா பேசணும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லைன்னா சும்மா இருக்கணும்னும் சொல்றார். புதுசா வர்றவங்களைப் பத்தின கவலை என்னோட கண்டுபிடிப்பு இல்லைங்க, உங்க வேதத்துலயே இருக்கு.

"இப்படி எழுதினா எதிரிங்க ஆயுதமா எடுத்துக்குவாங்க"ன்னும் சொல்வீங்க. ஏழுமலையான் அடிவாரம் இது. திருமலையில பிற மதப் பிரசாரம் கூடாதுன்னு 2007-ல சட்டமே வந்திருக்கு. இங்க சந்தேகம் சீக்கிரம் பத்திக்கும்னு எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன். மறைக்கறதுதான் ஆயுதம் கொடுக்கறது, திறந்த கதவைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. வாசல்ல தெலுங்குலயும் தமிழ்லயும் அஞ்சு வரி எழுதி வைங்க: எப்போ வேணா எழுந்து போகலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கை கட்டாயமில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீங்க. ஞானஸ்நானத்துக்கு அவசரமில்லை, விசாரிச்சுட்டு வாங்க.

இந்த அஞ்சு வரியை எழுதத் தயங்குற சபையா இருந்தா, மக்களே, செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு வந்துடுங்க. எழுதி வெச்சிருந்தா நிம்மதியா உட்கார்ந்து பாட்டைக் கேளுங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

டிஸ்கி: இது எந்த சாமிக்கும் எதிரான பதிவு இல்லை. பி.காம் படிச்சவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கையெழுத்துப் போடறதுக்கு முன்னால விதிமுறையைப் படிங்க!