இருபது நிமிஷம் போதுமா?

சுற்றுலாவில் புதுச்சேரி கடற்கரைக்கு இரண்டு மணி நேரம், அருங்காட்சியகத்துக்கு இருபதே நிமிஷம். இது சரியா?

அரிக்கமேட்டில் கிடைத்த ரோமாபுரி மதுச்சாடித் துண்டுகள் முன்னாடி நான் நின்றேன். 1945-ல் வீலர் தோண்டிய இடம் அது. "உடைஞ்ச பானைதானேடி, வா!" என்று தோழி இழுத்தாள். கப்பல் ஏறி வந்த பானைடி அது!

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத் துறைமுகம் நம்ம மரக்காணம்தான் என்கிறார்கள். அதில் வரும் கிடங்கில் நம்ம திண்டிவனத்திலேயே இருக்கு. நாமோ மரக்காணம் என்றால் உப்பு என்று மட்டும் சொல்கிறோம்.

டீச்சர், அடுத்த தடவை அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். அப்படியே மரக்காணமும் கூட்டிப் போங்கள். ஐஸ்கிரீமை பஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி