கார்புரேட்டரும் ஒரு தராசே

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், வீட்டு வாசலில் ஓய்ந்து நிற்கும் பழைய மாருதி 800க்கும் உயிர் வந்துவிடுகிறது. 1983இல் வெளிவந்து 2014இல் உற்பத்தி நின்ற அவ்வண்டியை, அதிலும் கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டியை, இன்றும் பேணி வருவோர் உண்டு. தென்காசிப் பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டிய கையோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் புறப்படும் சகோதரர்கள், இதனைச் சற்றுப் படித்துவிட்டுப் புறப்படுவது நலம்.

கார்புரேட்டர் ஒரு தராசு. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பந்தயக் காரில் முழு வலிமையை வேண்டி, காற்றை 13 கிராமுக்கும் கீழே குறைப்பதுண்டு. கோவை கரிவரதன் இதே 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கிப் புகழ் பெற்றார். ஆயினும் பந்தயத்திற்கு உரிய அளவு குடும்ப வண்டிக்கு வீண்விரயமேயாகும்.

"பிக்கப் போதவில்லை, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேட்பது நம் வழக்கம். அவர் திருப்பும் மிக்சர் ஸ்குரூ, பெரும்பாலும் வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங்கிற்கே உரியது. சாலை வேகத்திற்குப் பொறுப்பு மெயின் ஜெட். ஆகவே வேகம் கூடாது, புகைதான் கூடும்.

முறை இதுவே. ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். குத்தினால் துளை பெரிதாகிவிடும். மிதவையின் மட்டத்தைக் கையேட்டின்படி வைக்க வேண்டும். பிளக்கும் டைமிங்கும் சரியாக உள்ளனவா என்று முதலில் பார்த்து, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே ஸ்குரூவைத் தொட வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி, எஞ்சின் சீராகவும் விரைவாகவும் சுழலும் இடத்தைக் கண்டு, பின் ஐடிலிங் வேகத்தைக் குறைக்க வேண்டும். சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நன்று. கரிப் படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு. குறைவு மிகுந்தால் எஞ்சின் சூடேறி வால்வு கருகும்.

மிகுதியோ அதனினும் கொடிது. காற்று போதாமல் எரியும் பெட்ரோல் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். சாரலுக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பின்னிருக்கையில் பிள்ளைகளை உறங்க வைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சைலன்சரில் ஓட்டையும் இருந்துவிட்டால், அவ்வுறக்கம் விழிப்பில்லா உறக்கமாகிவிடக்கூடும். வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கட்டும்.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காக்கும்படி நம் மார்க்கம் பணிக்கிறது. அது கடைத்தெருத் தராசுக்கு மட்டுமன்று. நம்மை நம்பி வண்டியில் ஏறும் மனைவி மக்களின் உயிரும் ஓர் அமானிதமே. புறப்படுமுன் அத்தராசின் முள்ளைச் சரிபார்த்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், பயணம் இனிதாகும்.